பத்தரை லிட்டர்

"கம்ப்யூட்டரை லிட்டரிலா அளப்பாங்க,
கடலெண்ணெய் மாதிரி?"
ஹெலினா சிரித்தாள்.
ஆமாம், பத்தரை லிட்டர்.
அதற்குள் எனக்கொரு பாலைவனம் வேண்டும்,
மணல் பறக்க ஜீப் ஓட்ட.

கோத்தகிரி அறையில் மேசை என்பது இரண்டடி.
மீதியெல்லாம் கட்டில்கள், கேஸ் அடுப்பு,
ஜூனிலிருந்து காயாத துணி.

மூன்று மாதம் ஒரே தாளில் எழுதினேன், அடித்தேன்.
மூன்று விசிறி கிராபிக்ஸ் கார்டு முந்நூற்றுப் பத்து மில்லிமீட்டர்.
பெட்டி கொள்வது இருநூற்று அறுபத்தைந்து.
தையல் டேப்பால் நாலு முறை அளந்தேன்,
அளக்க அளக்கப் பெட்டி நீளுமென்று நம்புகிறவள் மாதிரி.
கடைசியில் இரண்டு விசிறிக்கு இறங்கினேன்.
பிராசசர் தலைக்கு மேல் அறுபத்தேழு மில்லிமீட்டர்தான்,
கோபுரக் கூலர் நிற்காது.
தண்ணீர்க் கூலருக்கு மனசு வரவில்லை.
இந்தக் கூரைக்குக் கீழே தண்ணீர் எங்கெல்லாம் ஒழுகும் என்று
போதுமான அளவு பார்த்தாயிற்று.
தட்டையாக ஒன்று வாங்கினேன், செம்புக் குழாய் ஓடுவது,
பணியாரச் சட்டி உயரம்.

"இந்தக் குளிருக்கு எதுக்குக்கா விசிறி,
சன்னலைத் தெறந்து வைங்க"
என்றான் பாய்லர் பெள்ளிராஜ்.
அவன் மட்டுமா சொன்னான்.

நான் தேயிலை வாட்டுகிறவள்.
பன்னிரண்டு வருஷமாக வாட்டுத் தொட்டிகளின் தலைமாட்டில் நின்று
ஈரக்குமிழ் உலர்குமிழ் படித்து
எந்தத் தொட்டிக்கு எவ்வளவு காற்று என்று சொல்கிறவள்.
குளிர் வேறு, காற்று வேறு.
ஆறாயிரம் அடியில் காற்று மெலிது.
சமவெளியில் நூறு பங்கு தள்ளும் விசிறி
இங்கே எண்பதோடு மூச்சு வாங்கும்.
அட்டையில் அச்சடித்த எண்ணெல்லாம்
மேட்டுப்பாளையத்தில் இறங்கிவிடுகிறது.

இலைக்குக் காற்றை அடியிலிருந்து அனுப்புவோம்.
பெட்டிக்கும் அதே கணக்கு:
அடியில் இரண்டு உள்ளிழுக்க,
உச்சியில் ஒன்று வெளித்தள்ள.

பவர் சப்ளைக்கு மட்டும் பேரம் பேசவில்லை.
ஃபேக்டரியில் ரோலர் ஓட ஆரம்பித்தால்
எங்கள் பல்பு மஞ்சளாகும்.

கோயம்புத்தூரிலிருந்து மடியில் வைத்தே வந்தேன்.
வளைவுக்கு வளைவு அணைத்துப் பிடித்ததைப் பார்த்துப்
பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார், "கேக்கா?"
ஆமாம் என்றேன்.

சோறு வடித்த ஆவி அடங்கும்வரை பிரிக்கவில்லை.
பேஸ்ட் ஒரு பட்டாணியளவு என்றிருந்தது.
எங்கள் ஊர்ப் பட்டாணியா, பாக்கெட் பட்டாணியா?
பாக்கெட் என்று முடிவு செய்தேன்.

முதல் முறை திரை கறுப்பு.
இரண்டாம் முறையும்.
மெமரியை இன்னும் கொஞ்சம் அழுத்தியிருக்க வேண்டும்,
டிக் என்று கேட்கும்வரை.

ஹெலினாவுக்கு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி,
பகலில் தூங்குவாள்.
அதனால் அறுபத்தைந்து டிகிரி வரை
விசிறி வாய் திறக்கக் கூடாது என்று கோடு வரைந்தேன்.
எனக்கும் அமைதி வேண்டும்.
பீன்ஸ் பந்தலில் காட்டெருமை நுழைந்தால்
காதுக்கு முன்கூட்டித் தெரியணும்.

ஞாயிற்றுக்கிழமை பாலைவனத்தில் இறங்கினேன்.
எழுபத்திரண்டு, பரவாயில்லை.
எழுபத்தொன்பது.
எண்பத்தெட்டில் ஜீப் திக்கியது.
பேஸ்ட்டைச் சந்தேகித்தேன்,
கூலர் திருகுகளைச் சந்தேகித்தேன்,
பெள்ளிராஜ் நாளைக்கு எப்படிச் சிரிப்பான் என்றுகூட யோசித்துவிட்டேன்.
அப்புறம்தான் பெட்டியின் தலையைப் பார்த்தேன்.

உச்சி விசிறி மேல்
ஒழுங்காக விரித்து வைத்த இரண்டு ஜோடி
வெள்ளை யூனிஃபார்ம் சாக்ஸ்.
ஹெலினா போர்வைக்குள் ஆழ்ந்த உறக்கத்தில்.

எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தேன், இலையைப் பார்ப்பதுபோல்.
குதிகால் காய்ந்திருந்தது.
நுனியில் இன்னும் ஈரம்,
ஒரு மணி நேர வாட்டம் பாக்கி.

சுவரில் ஆணி அடித்தேன், மெதுவாக,
பெட்டிக்கு மேலே ஒரு முழம் விட்டு.
கொடி கட்டி நாலையும் தொங்கவிட்டேன்.

எழுபத்து நாலு.
மணற்குன்றின் மேல் ஜீப் ஏற,
தலைக்கு மேலே சாக்ஸ் ஆடுகிறது.